டச் பில்லிங் மெஷினில் மூன்றாவது சீரியல் போர்ட் லினக்ஸுக்குத் தெரியவில்லை

மண்டபம் வாடி எழுதியது:

வணக்கம். எங்கள் அப்பா ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் நண்டும் கணவாயும் எடுக்கிற வாடி வைத்திருக்கிறார். பில் போடுகிற டச் மெஷின் பழையது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பின்னால் நான்கு சீரியல் போர்ட். வாங்கும்போது வின்டோஸ் 7 இருந்தது, அப்புறம் ஒருவர் 10 போட்டுக் கொடுத்தார், இப்போது நான் டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்டிருக்கிறேன். முதல் போர்ட்டில் பெரிய பிளாட்ஃபார்ம் தராசு. இரண்டாவதில் வாசலில் மாட்டியிருக்கிற பெரிய எண் போர்டு, சரக்கு கொண்டு வருகிறவர்கள் நின்ற இடத்திலிருந்தே எடையைப் பார்க்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக வைத்தது. நண்டுக்கென்று புதிதாக ஒரு மேஜைத் தராசு வாங்கி மூன்றாவதில் சொருகினேன். அப்படி ஒரு போர்ட் இருப்பதாகவே லினக்ஸ் காட்டவில்லை.

யுஎஸ்பி கன்வெர்ட்டர் போடச் சொல்லாதீர்கள், அதைப் போட்டுத்தான் அலுத்துப் போனேன். கடல் வாடியிலிருந்து கூப்பிடு தூரம்தான். இரண்டு வருடத்தில் மூன்று கன்வெர்ட்டர் போய்விட்டது, கழற்றிப் பார்த்தால் பின்னெல்லாம் பச்சைக் களிம்பு. நன்றாக இருக்கிற நாளிலும் ஐஸ் உடைக்கிற மோட்டார் ஓடத் தொடங்கினால் ஒரு நொடி அறுந்து வேறு நம்பரில் திரும்பி வரும், பில் பாதியில் நிற்கும். எடையைக் கையால் அடித்தால் தப்பு வருகிறது, அந்தத் தப்பு நண்டு கொண்டு வந்தவர் கூலியில் போய் விழுகிறது.

தடைக்காலம் என்பதால் இப்போது நாட்டுப்படகுச் சரக்கு மட்டும்தான், சமாளிக்கிறேன். ஜூன் 14 இரவோடு தடை முடிந்து விசைப்படகெல்லாம் இறங்கிவிடும், அதற்குள் சரியாக வேண்டும்.

தொண்டி எழுதியது:

முதலில் போர்ட் செத்துவிட்டதா, உயிரோடு இருந்தும் தெரியவில்லையா என்று பிரிக்க வேண்டும் தம்பி. லினக்ஸின் சீரியல் டிரைவர் பழைய காலத்து நான்கு முகவரிகளை யாரும் சொல்லாமலே தட்டிப் பார்க்கும். உங்கள் மூன்றாவது போர்ட் அந்த நான்கில் இருந்திருந்தால் ஏற்கெனவே தெரிந்திருக்கும். வேறு முகவரியில் இருந்தால், மெஷினோடு வருகிற ஃபர்ம்வேர் (பயாஸ்) என்னென்ன கருவி இருக்கிறது என்று சொல்கிற தன் ஏசிபிஐ பட்டியலில் சொன்னால்தான் லினக்ஸின் மையமான கெர்னலுக்குத் தெரியும்.

சிஸ் அடியில் பஸ், அதற்குள் ஏசிபிஐ, அதற்குள் டிவைசஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அங்கே பிஎன்பி0501 என்று தொடங்குகிறவை எத்தனை என்று பாருங்கள். 16550 வகை சீரியல் போர்ட்டுக்கான அடையாள எண் அது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஸ்டேட்டஸ் என்ற கோப்பு இருக்கும், அதில் என்ன எண் என்று சொல்லுங்கள்.

உச்சிப்புளி எழுதியது:

பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கிற வரியில் போர்ட் எண்ணிக்கையை எட்டு என்று கூட்டிப் பார்த்தீர்களா? எனக்கு ஒரு கார்டுக்கு அதுதான் சரியானது.

மண்டபம் வாடி எழுதியது:

உச்சிப்புளி அண்ணே, கூட்டிப் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை.

தொண்டி அண்ணே, நான்கு இருக்கிறது! முதல் இரண்டில் ஸ்டேட்டஸ் 15. மூன்றிலும் நான்கிலும் 0. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், வின்டோஸ் 10 இருந்தபோதும் இந்த இரண்டு போர்ட்டும் வேலை செய்யவில்லை, அதனால்தான் போர்ட் போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

தொண்டி எழுதியது:

பாதி விஷயம் அதிலேயே வந்துவிட்டது. 15 என்றால் கருவி இருக்கிறது, இயங்குகிறது, காட்டலாம், நலமாக இருக்கிறது என்று நான்கு பிட்டும் ஏறியிருக்கிறது. 0 என்றால் இல்லவே இல்லை என்று ஃபர்ம்வேர் சொல்கிறது. கெர்னல் அதை நம்பி ஒதுங்கிக்கொள்கிறது, அதன் மேல் பிழையில்லை. ஃபர்ம்வேர் ஏன் இல்லை என்கிறது என்பதை அதன் வாயாலேயே படிக்கலாம்.

ஏசிபிஐ பட்டியல்களில் பெரியது டிஎஸ்டிடி. அது வெறும் அட்டவணை இல்லை, உள்ளே சின்னச் சின்ன நிரல்கள் இருக்கின்றன, கெர்னல் அவற்றை ஓட்டிப் பார்த்துத்தான் பதிலைத் தெரிந்துகொள்ளும். 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்டபோதிலிருந்தே இப்படித்தான். ஏசிபிஐடம்ப் என்ற கட்டளை கொண்டு எல்லாப் பட்டியலையும் எடுங்கள், ஐஏஎஸ்எல் என்ற கம்பைலர் கொண்டு படிக்கிற வடிவத்துக்குப் பிரியுங்கள். பிரிக்கும்போது டிஎஸ்டிடிக்குத் துணையாக இருக்கிற எஸ்எஸ்டிடி கோப்புகள் எல்லாவற்றையும் கூடவே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே உள்ள பெயர்களை அது ஊகித்து எழுதிவிடும், திரும்ப கம்பைல் செய்யும்போது நூறு பிழை வரும். பிரித்த கோப்பில் மூன்றாவது போர்ட்டின் எஸ்டிஏ மெத்தடை, அதாவது ஸ்டேட்டஸ் சொல்கிற நிரலை, தேடி என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். அதற்குக் கீழே சிஆர்எஸ் என்ற பகுதியில் முகவரியும் இன்டரப்ட்டும் (தரவு வந்ததும் போர்ட் கெர்னலைக் கூப்பிடுகிற கம்பியின் எண்) இருக்கும்.

மண்டபம் வாடி எழுதியது:

இரவு முழுக்க இதுதான் வேலை. பதினெட்டாயிரம் வரி! ஆனால் அந்த இடத்துக்குப் போனதும் புரிந்துவிட்டது. ஓஎஸ்ஒய்எஸ் என்று ஒரு மாறி, அது ஹெக்ஸ் 7டி9-க்குச் சமமாக இருந்தால் 15 கொடு, இல்லையென்றால் 0 கொடு. கால்குலேட்டரில் போட்டேன், 7டி9 என்றால் 2009.

முகவரி ஹெக்ஸ் 240-லிருந்து எட்டு பைட், இன்டரப்ட் 10, லெவல், ஆக்டிவ் லோ, பகிர்வு என்று இருக்கிறது. நான்காவது போர்ட் 248, அதே இன்டரப்ட்.

தொண்டி எழுதியது:

அருமை. ஓஎஸ்ஒய்எஸ் எங்கே நிரப்பப்படுகிறது என்று மேலே பார்த்தால் ஓஎஸ்ஐ கேள்விகள் வரிசையாக இருக்கும். பூட் ஆகும்போது ஃபர்ம்வேர் கேட்கிறது: நீ வின்டோஸ் 2009-ஐ அறிவாயா, 2012-ஐ அறிவாயா, 2015-ஐ அறிவாயா. 2009 என்றால் வின்டோஸ் 7, 2012 என்றால் 8, 2015 என்றால் 10. லினக்ஸ் எல்லாவற்றுக்கும் ஆம் என்றுதான் சொல்லும். உற்பத்தியாளர்கள் வின்டோஸில் மட்டும் சோதித்து அனுப்புவதால், அந்த வழியில் நடந்தால்தான் கருவிகள் ஒழுங்காக எழும் என்று கண்டுகொண்டு அப்படி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆமுக்கும் எண் ஏறி ஏறி 2015-ல் நிற்கிறது. இந்த மெஷினுக்கு நிரல் எழுதியவர் "2009 அல்லது அதற்கு மேல்" என்று எழுதியிருக்க வேண்டியதை "2009-க்குச் சமம்" என்று எழுதிவிட்டார். மெஷினை வின்டோஸ் 7 போட்டு விற்றதால் யாருக்கும் தெரியவில்லை. வின்டோஸ் 10-ல் போர்ட் போனதற்கும் இதே காரணம்தான்.

போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க செட்சீரியல் என்ற கட்டளை கொண்டு ஒரு காலி போர்ட்டுக்கு 240 முகவரியும் இன்டரப்ட் 0-ம் கொடுங்கள். 0 என்றால் இன்டரப்ட் இல்லாமல் டைமர் வைத்து எட்டிப் பார்க்கும்.

மண்டபம் வாடி எழுதியது:

எண் வந்தது அண்ணே!! தராசில் கையை வைத்து அழுத்தினேன், திரையில் ஓடியது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் கொஞ்சம் தாமதமாக வருகிறது. இன்டரப்ட் 10 கொடுத்தால் ஒன்றுமே வரவில்லை, ப்ராக் இன்டரப்ட்ஸ் கோப்பில் அந்த வரியின் எண்ணிக்கை 0-விலேயே நிற்கிறது.

தொண்டி எழுதியது:

அது அப்படித்தான் நிற்கும். ஏசிபிஐ ஒன்றும் சொல்லாவிட்டால் கெர்னல் பழைய ஐஎஸ்ஏ வழக்கப்படி அந்தக் கம்பியை எட்ஜ், ஹை என்று அமைத்துவிடும். உங்கள் போர்ட் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு யாராவது வருவார்களா என்று காத்திருக்கிறது, கெர்னலோ அது மேலே ஏறுவதற்காகக் காத்திருக்கிறது. இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். ஆகவே ஏசிபிஐ வழியாகச் சரிசெய்வதுதான் முறை.

உச்சிப்புளி எழுதியது:

கெர்னல் வரியிலேயே ஏசிபிஐ ஓஎஸ்ஐ எல்லாவற்றையும் அழித்துவிட்டு வின்டோஸ் 2009 மட்டும் என்று கொடுக்கலாமே? பூட் மெனுவான கிரப்பில் ஒரு வரிதான்.

மண்டபம் வாடி எழுதியது:

கொடுத்தேன். நான்கு போர்ட்டும் வந்தது, இன்டரப்ட்டும் ஓடியது. டச் போய்விட்டது! டிஎஸ்டிடியில் பார்த்தால், சின்னக் கருவிகளை இணைக்கிற ஐ2சி கன்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் "2012-க்குக் குறைந்தால் 0" என்று இருக்கிறது. டச் அதற்கடியில்தான் இருக்கிறது. மீன் கையோடு மவுஸைப் பிடிக்க முடியாது, டச் இல்லாமல் இந்த மெஷினே எங்களுக்கு வேண்டாம்.

அதனால் டிஎஸ்டிடியிலேயே அந்தச் சமக்குறியை "அல்லது அதற்கு மேல்" என்று மாற்றி கம்பைல் செய்து, கெர்னல், ஃபர்ம்வேர், ஏசிபிஐ என்ற ஃபோல்டர் வரிசையில் வைத்து, சுருக்காத சிபிஐஓ பொதியாகக் கட்டி, பூட் ஆகும்போது கெர்னலோடு ஏறுகிற இனிட்ஆர்டி கோப்புக்கு முன்னால் ஏற்றினேன். கெர்னல் கண்டுகொள்ளவே இல்லை. மூன்று முறை ரீபூட் செய்துவிட்டேன்.

தொண்டி எழுதியது:

இரண்டு இடத்தில் இது தட்டும். கோப்பின் தலைவரியில் கடைசியாக ஓஈஎம் ரிவிஷன் எண் இருக்கும், அதை ஒன்றாவது கூட்ட வேண்டும். பழையதை விடப் புதியது என்று தெரிந்தால்தான் கெர்னல் மாற்றி எடுத்துக்கொள்ளும். அடுத்தது, கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்ய விடுகிற செக்யூர் பூட். அது ஓடிக்கொண்டிருந்தால் டெபியன் கெர்னல் பூட்டுப் போட்டுக்கொள்ளும், வெளியிலிருந்து வரும் பட்டியலை வாங்காது, லாக்கில் அதைச் சொல்லியும் இருக்கும். வாடிக்குள்ளேயே இருக்கிற மெஷின்தானே, அணைப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மண்டபம் வாடி எழுதியது:

இரண்டும்தான். சரியாகிவிட்டது. நான்கு போர்ட், டச், இன்டரப்ட் எல்லாம் ஓடுகிறது. மிக்க நன்றி அண்ணே.

கீழக்கரை எழுதியது:

இந்த இழையிலேயே கேட்டுக்கொள்கிறேன், ஏசிபிஐ பற்றித் தமிழில் பேசுகிற இடம் வேறு கிடைக்கவில்லை. தம்பிக்குக் கல்லூரிக்காக வாங்கிய ரைசன் லேப்டாப்பில் டெபியன் 12 போட்டேன். கிரப் மெனுவில் கீபோர்டு வேலை செய்கிறது, லாகின் வந்ததும் செத்துவிடுகிறது. யுஎஸ்பி கீபோர்டு சொருகினால் வேலை செய்கிறது. கடைக்காரர் கீபோர்டை மாற்ற வேண்டும் என்கிறார், மாற்றத்தான் வேண்டுமா காக்கா?

தொண்டி எழுதியது:

மாற்றவே மாற்றாதீர்கள். கிரப்பில் வேலை செய்கிற கீபோர்டு நல்ல கீபோர்டு. கெர்னல் லாக்கில் "ஐஆர்க்யூ 1 ஓவர்ரைடு" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள் (ஐஆர்க்யூ என்றால் இன்டரப்ட்தான்), எட்ஜ், ஹை என்று போட்டு ஹைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு ஆச்சரியக்குறி இருக்கும். டிஎஸ்டிடி லோ என்று சொல்ல, கெர்னல் பழைய வழக்கப்படி ஹை என்று மாற்றிவிட்டது என்பதுதான் அந்த ஆச்சரியக்குறிக்கு அர்த்தம். 2022 வாக்கில் வந்த ரைசன் லேப்டாப்களில் இது நிறைய வந்தது, கெர்னலில் மாடல் பெயர்களாகச் சேர்த்துச் சேர்த்துச் சரிசெய்தார்கள். டெபியன் 12-ன் 6.1 கெர்னலுக்குப் பதிலாக பேக்போர்ட்ஸ் என்ற டெபியன் களஞ்சியத்திலிருந்து புதியதைப் போட்டுப் பாருங்கள்.

கீழக்கரை எழுதியது:

அந்த வரி அப்படியே இருந்தது. புதிய கெர்னல் போட்டேன், கீபோர்டு வந்துவிட்டது. இதை அந்த லேப்டாப்பிலேயே தட்டச்சு செய்கிறேன். இரண்டாயிரம் ரூபாய் கொடுக்க இருந்தேன், மிச்சம்.

மண்டபம் வாடி எழுதியது:

அண்ணே, மறுபடி நான்தான். நேற்று ராம் 2 ஜிபியை எடுத்துவிட்டு 4 போட்டேன். அதிலிருந்து டச் இல்லை, ஷட்டௌன் கொடுத்தால் அணைய மாட்டேன் என்கிறது. பழைய ராமைப் போட்டால் சரியாக இருக்கிறது. ராம் கெட்டதா என்று மெம்டெஸ்ட் ஓட்டினேன், சுத்தமாக இருக்கிறது. கச்சான் வேறு அடிக்கிறது, வாடிக்குள் மணலும் உப்புமாக இருக்கிறது, ஸ்லாட்டையும் துடைத்துவிட்டேன்.

தொண்டி எழுதியது:

இது நான் முன்பே சொல்லியிருக்க வேண்டியது, சொல்லாமல் விட்டுவிட்டேன். பயாஸ் பூட் ஆகும்போது நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி, மெஷினின் அமைப்பு விவரங்களை அங்கே வைத்து, அந்த இடத்தின் முகவரியை டிஎஸ்டிடிக்குள்ளேயே எழுதிவிடும். உங்கள் ஓஎஸ்ஒய்எஸ் கூட அங்கேதான் இருக்கும். நீங்கள் ஏற்றுகிற டிஎஸ்டிடி 2 ஜிபி இருந்த நாளில் எடுத்த நகல், அதில் அன்றைய முகவரி உறைந்து கிடக்கிறது. ராம் மாறியதும் பயாஸ் அந்த இடத்தை நகர்த்தியிருக்கும். உங்கள் நகல் பழைய இடத்தில் போய்ப் படிக்கிறது, எழுதவும் செய்கிறது. வேறு எதற்கோ உரிய நினைவகத்தில் எழுதுவது ஆபத்து, உடனே அதை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஓவர்ரைடு இல்லாமல் பூட் செய்து புதிதாக டிஎஸ்டிடியை எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மண்டபம் வாடி எழுதியது:

பதினெட்டாயிரம் வரியில் ஒரே ஒரு வரிதான் வேறு, சிஸ்டம்மெமரி என்று தொடங்குகிற வரியில் முகவரி. நீங்கள் சொன்னதேதான். அப்படியானால் ராம் மாற்றினாலும் பயாஸ் அப்டேட் செய்தாலும் ஒவ்வொரு முறையும் இந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டுமா? நான் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டால் அப்பா யாரிடம் போவார்?

தேவிபட்டினம் எழுதியது:

டிஎஸ்டிடியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. சின்னதாக ஒரு எஸ்எஸ்டிடி எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கிற எஸ்டிஏ மெத்தடை அதில் மறுபடி எழுத முடியாது, பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று கெர்னல் தள்ளிவிடும். ஆனால் வேறு பெயரில் புதிய டிவைஸ் ஒன்று வைக்கலாம்: பிஎன்பி0501, முகவரி 240, இன்டரப்ட் 10. ஃபர்ம்வேர் மறைத்து வைத்த பழைய பெயர் அப்படியே மறைந்திருக்கட்டும். இருபது முப்பது வரிக்கு மேல் வராது, நினைவக முகவரி எதுவும் அதில் இல்லாததால் ராம் மாறினால் அதற்குக் கவலையில்லை. அதே சிபிஐஓ வழியில் ஏற்றலாம், மெஷினில் இல்லாத பட்டியல் என்றால் கெர்னல் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும். செட்சீரியல் கொடுத்தபோதே போர்ட் பதில் சொல்லியது, ஆகவே போர்ட்டின் சில்லை (சிப்பை) பயாஸ் திறந்துதான் வைத்திருக்கிறது.

மண்டபம் வாடி எழுதியது:

எழுதினேன். போர்ட் தெரிகிறது, ஸ்டேட்டஸ் 15, 16550 என்று லாக்கில் வருகிறது. தராசிலிருந்து ஒன்றும் வரவில்லை. இன்டரப்ட் எண்ணிக்கை மறுபடி 0. லெவல், ஆக்டிவ் லோ, பகிர்வு என்று ஒரு எழுத்துப் பிசகாமல் போட்டிருக்கிறேன்.

கீழக்கரை எழுதியது:

லாக்கில் ஆச்சரியக்குறி இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி.

மண்டபம் வாடி எழுதியது:

இருக்கிறது!! ஐஆர்க்யூ 10 ஓவர்ரைடு, எட்ஜ் பக்கத்தில் ஒன்று, ஹை பக்கத்தில் ஒன்று, இரண்டு ஆச்சரியக்குறி. ஆனால் டிஎஸ்டிடியை மாற்றியபோது இது வரவில்லையே?

தேவிபட்டினம் எழுதியது:

எஸ்எஸ்டிடியில் இன்டரப்ட்டை எந்தச் சொல்லால் எழுதினீர்கள்? ஏசிபிஐயில் இரண்டு வடிவம் உண்டு. ஐஆர்க்யூ என்ற குட்டி வடிவம் பழைய ஐஎஸ்ஏ காலத்தது. அதைக் கண்டால் கெர்னல் அதில் சொன்னதை நம்பாமல், இன்டரப்ட்களை வாங்கி அனுப்புகிற ஐஓஏபிக் சில்லின் அமைப்பில் உள்ளதை எடுத்துக்கொள்ளும், பழைய பயாஸ்களில் அந்த வடிவத்தில் தப்பு நிறைய வந்ததால். இன்டரப்ட் என்ற நீள வடிவத்தில் எழுதினால் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும். உங்கள் டிஎஸ்டிடியில் நீள வடிவம்தான் இருந்திருக்கும்.

மண்டபம் வாடி எழுதியது:

ஆமாம் அண்ணே, அங்கே நீளம்தான். நான் வேறொரு மாதிரியைப் பார்த்துக் குட்டி வடிவத்தில் எழுதியிருந்தேன். ஒரு சொல்லை மாற்றி, ரிவிஷனையும் கூட்டி, ரீபூட் செய்தேன். எண்ணிக்கை ஓடுகிறது. 4 ஜிபி ராமும் உள்ளே இருக்கிறது, டச் இருக்கிறது, அணைக்கச் சொன்னால் அணைகிறது.

தராசு அனுப்புகிற வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடை நின்றுவிட்டதா ஆடுகிறதா என்று முதலில் இரண்டு எழுத்து, அப்புறம் கூட்டல் குறி, அப்புறம் கிலோ, புள்ளி, மூன்று இலக்கம். 5 கிலோ எடைக்கல்லை வைத்தேன், 5.000. அதன் மேல் ஒரே ஒரு நண்டை வைத்தேன், கால் ஆடிக்கொண்டே இருந்ததால் அது அடங்கும்வரை ஆடுகிறது என்ற எழுத்துதான் வந்தது, அடங்கியதும் 5.185. பில்லும் அதே எடையை எடுத்துக்கொண்டது. ஐஸ் மோட்டாரை வேண்டுமென்றே நான்கு முறை போட்டு நிறுத்தினேன், அறவில்லை.

உச்சிப்புளி எழுதியது:

நல்ல செய்தி. நான்காவது போர்ட்டையும் இப்போதே எழுப்பி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பிரின்டருக்கு ஆகும்.

மண்டபம் வாடி எழுதியது:

எழுப்பிவிட்டேன் அண்ணே, அதே கோப்பில் இன்னொரு டிவைஸ், முகவரி 248, அதே நீள வடிவம். கோப்பை யுஎஸ்பியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். எந்தக் கோப்பை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து, மெஷினுக்குப் பின்னால் ஒட்டியாகிவிட்டது.